கரண்டி அடித்தால் தண்ணீர்

மூன்றாவது மாடி டெய்லரம்மா வீட்டைவிட்டு வெளியே இருக்கக்கூடிய நேரம் பதினோரு நிமிடம். ஐம்பத்தெட்டுப் படி இறங்கி, தெருமுனைக் கடையில் பாலும் ரொட்டியும் வாங்கி, எதிரே யார் வந்து நலம் விசாரித்தாலும் நிற்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, மூச்சிரைக்க மேலே வந்துவிட வேண்டும். பன்னிரண்டாவது நிமிடத்தில் என்ன நடந்துவிடும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவளே போட்டுக்கொண்ட கெடு அது. நான்கு வருடத்தில் ஒருமுறைகூட அதை அவள் மீறவில்லை.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிக் கட்டிடங்களின் லிஃப்டை ஓடவைத்த மனிதர் குடியிருந்ததோ லிஃப்டே இல்லாத கட்டிடத்தில். சிரிக்க முடிந்த காலத்தில் அவரே இதைச் சொல்லிச் சிரிப்பார். ஒருநாள் காலை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் கூடவே போயிற்று. புத்தி மட்டும் இம்மி பிசகாமல் அப்படியே இருந்தது. அவரைக் கீழே கொண்டுபோக நான்கு ஆள் வேண்டும். அதனால் அவர் இறங்கவில்லை. அவர் இறங்காததால் அவளும் இறங்கவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. ஒருத்தி தைப்பாள், ஒருவர் படுத்திருப்பார், அவ்வளவுதான் வீடு.

முதலில் ஒரு மணி வாங்கி அவர் இடது கைக்குக் கொடுத்தாள். அது பெரிய இம்சையாகப் போயிற்று. மணி அடித்தவுடன் ஓடிப்போய் நிற்பாள். "என்னங்க, தண்ணியா?" இல்லை என்று தலை ஆடும். "ஃபேன் போடணுமா? திரும்பிப் படுக்கணுமா? வெளிச்சமா? பசியா?" கேட்டுக் கேட்டு இவளுக்குத் தொண்டை வற்றும், அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். ஒருநாள் இருபது கேள்விக்குப் பிறகுதான் தெரிந்தது, முதுகு அரித்ததாம்.

அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து திரைச்சீலைக் கயிற்றை எடுத்தாள். தையல்காரிக்குக் கயிறும் வளையமும் கொக்கியும் பஞ்சமா? கட்டிலுக்கு மேலே ஒரு கம்பி. அதிலிருந்து ஆறு கயிறுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் வேறு வேறு பொத்தான், தடவியே கண்டுபிடித்துக்கொள்ளலாம். கயிறுகள் கூரையோரம் வளையம் வளையமாக ஓடி, கதவுக்கு மேலிருந்த காற்றுத்துளை வழியாக முன்னறைக்கு வந்து, தையல் மெஷினுக்கு எதிர்ச் சுவரில் முடிந்தன. அங்கே அடுக்களையில் பாதி தொங்கியது. கரண்டி வந்து பாத்திர மூடியில் அடித்தால் தண்ணீர். இரண்டு டம்ளர்கள் மோதினால் சிறுநீர். பிஸ்கட் டப்பாவுக்குள் பழைய சாவிக்கொத்து குலுங்கினால் ஃபேன். கண்ணாடிப் பாட்டிலில் ஸ்பூன் பட்டால் ஜன்னல் திரை. வாணலி மேல் தோசைத் திருப்பி விழுந்தால் திருப்பிப் படுக்கவை. காய் துருவியில் முள்கரண்டி உரசினால் முதுகு அரிக்கிறது. இந்தக் கடைசியைக் கட்டி முடித்தபோது மெக்கானிக் வாய் கோணச் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இரண்டாவது மாடிக்காரர் மட்டும் படியேறி வந்து, "மேல பாத்திரக்கடை வச்சிருக்கீங்களா, இல்ல குடித்தனம் பண்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூடிக்குப் பின்னால் துணி ஒட்டி, சத்தத்தைக் குறைத்தாள். ஒட்டும்போது காது வைத்துக் கேட்டுக் கேட்டு ஒட்டினாள். கரண்டியின் சத்தம் டம்ளரோடு குழம்பிவிடக்கூடாது. ராத்திரி அசந்து தூங்கும்போதும் பிரித்துத் தெரிய வேண்டும்.

தெரிந்தது. கொஞ்ச நாளில் காது கேட்டு மனம் புரிந்துகொள்வது என்பதெல்லாம் போய், கரண்டி அடித்தால் கால் எழுந்துவிடும் என்கிற நிலைக்கு வந்தாள். முகத்தில் சோப்போடு எழுந்து ஓடியிருக்கிறாள். வாயில் வைத்த கவளத்தோடு ஓடியிருக்கிறாள். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது தரம். அவருக்கு வாய் கொடுத்துவிட்டோம் என்று பெருமையாகக் கட்டிய கயிறு, மறுமுனையில் தன் இடுப்பில் கட்டியிருக்கிறது என்று அவளுக்கு எப்போதோ புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய? அவர் என்ன வேண்டுமென்றா படுத்திருக்கிறார்?

சில மத்தியானங்களில் ஜன்னலில் நின்று கீழே பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பார்ப்பாள். அவர்கள் மேல் பொறாமையில் வயிறு எரியும். பஸ் வரவில்லையே என்று அலுத்துக்கொள்கிறார்களே, நிற்கக் கொடுத்துவைத்திருக்கிறதே என்று எரியும்.

அப்படி இருக்கும்போதுதான் பேன்ட் நீளம் குறைக்க ஒரு பெண் வந்தாள். நகரத்தின் பழைய கிடங்கு ஒன்றைக் கலைக்கூடமாக மாற்றியிருந்தார்கள், அங்கே வேலை. அவளை ஸ்டூல் மேல் ஏற்றி நிறுத்தி, வாய் நிறைய குண்டூசியோடு டெய்லரம்மா அவள் காலடியில் உட்கார்ந்து மடித்துக் குத்திக்கொண்டிருந்தாள். சுவரில் டம்ளர் மோதியது. ஊசியோடு எழுந்து ஓடினாள். வந்து உட்கார்ந்தாள். பாட்டில் அடித்தது. ஓடினாள். வந்தாள். சாவி குலுங்கியது.

ஸ்டூல் மேல் நின்ற பெண்ணுக்குக் கால் வலிக்கவில்லை போலிருக்கிறது. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதை யாரு செஞ்சது?"

"யாரு செய்வாங்க, நான்தான். அசையாதீங்க, ஊசி குத்திரும்."

"இதை நாங்க வைக்கணும் அக்கா. எங்க ஹால்ல. வர்றவங்க கயிறை இழுப்பாங்க, சத்தம் வரும். வீட்டுச் சாமான்லயே செஞ்ச சிற்பம் மாதிரி."

"இதை எடுத்துட்டா அவர் எப்படிக் கூப்பிடுவார்?"

"எடுக்க வேணாம். இன்னொண்ணு செய்ங்க. கயிறு அறுந்தா, சிக்கினா சரி பண்ண நீங்களே பக்கத்துல இருக்கணும். மூணு மாசம். பத்துலேருந்து அஞ்சு வரைக்கும். சம்பளம் உண்டு."

பத்திலிருந்து ஐந்து. டெய்லரம்மாவுக்குச் சம்பளம் காதில் விழவே இல்லை. பத்திலிருந்து ஐந்து வரை என்றால் எத்தனை பதினோரு நிமிடம்! வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

இரண்டு தெரு தள்ளி இருந்த நாத்தனார் வர ஒத்துக்கொண்டாள். மெக்கானிக்கின் கூடப்பிறந்த அக்கா. தங்கமான மனுஷி, முட்டிவலிதான் பாடாய்ப் படுத்தும். கைத்தடி ஊன்றி நடப்பாள். "காலைல ஏறினா சாயங்காலம்தான் இறங்குவேன். நடுவுல எங்கயும் ஓடச் சொல்லாதே" என்று முன்பே சொல்லிவிட்டாள். கயிறுகளின் பாஷையை டெய்லரம்மா அவளுக்கு மூன்று நாள் சொல்லிக்கொடுத்தாள். நாலாம் நாளும் நாத்தனார் டம்ளருக்குத் தண்ணீர் கொண்டுபோனாள்.

கலைக்கூடத்துக்கான சாமான்களை எப்படி வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் அந்தப் பெண் சொன்னாள். டெய்லரம்மா கேட்டால்தானே! பாத்திரக்கடை கடையாக ஏறி, மூடியைத் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் தட்டி, காதோரம் வைத்து, "இல்லை" என்று கீழே வைத்தாள். ஒரு கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, சமைக்க வாங்கறீங்களா, கச்சேரிக்கு வாங்கறீங்களா?" என்றார். பதினேழாவது மூடி அசலாக வீட்டு மூடி மாதிரியே பேசியது. துருவிகூட அதே கீச்சு. செய்கிற வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்கிற தையல்காரிக்கே உரிய பிடிவாதம் அது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

ஹாலில் ஒரு கட்டில் போட்டார்கள். மேலே கம்பி, ஆறு கயிறு, எதிர்ச் சுவரில் சாமான்கள். ஓரமாக அவளுக்கு ஒரு நாற்காலி. முதல் நாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவள், நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினாள். பத்து மணிக்குக் கதவு திறந்தது. முதலில் வந்த மனிதர் கட்டிலில் படுத்து, கைக்கு வந்த கயிற்றை இழுத்தார். கரண்டி அடித்தது.

டெய்லரம்மா எழுந்து நின்றாள்.

எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது. அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்தாள். அடுத்த ஆள் டம்ளர்க் கயிற்றை இழுத்தான். எழுந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்து ஆறையும் ஒரே நேரத்தில் இழுத்தபோது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஹால் நடுவில் சுற்றினாள். இரண்டாம் நாள் அலுவலகக்காரர் ஒருவர் படுத்துக் கரண்டியை அடிக்க, ஏதோ தையல் யோசனையில் இருந்தவள், மூலையில் இருந்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோய் நீட்டியேவிட்டாள். அவரும் வாங்கிக் குடித்தார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

கூடத்தை நடத்துகிற பெரியவர் இதைக் கேள்விப்பட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். அரைமணி நேரம் பார்த்தார். மறுநாள் சுவரில் ஒரு பலகை இருந்தது: 'கயிற்றை இழுங்கள். அவர் வருவார்.'

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் மறைப்பானேன், கொஞ்சம் இனிக்கவும் செய்தது. வீட்டில் ஒரு நாளும் யாரும் கை தட்டியதில்லை. இருந்தாலும் சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது கெண்டைக்கால் இரண்டும் கடுகடுவென்று வலிக்கும். வெளியே போகிறோம் என்று கிளம்பிவந்து, தன் வீட்டு முன்னறையையே பெரிதாகக் கட்டி அதற்குள் மறுபடி உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்தால் அங்கே அசல் காத்திருந்தது. நாத்தனார் தடியை எடுத்துக்கொண்டு இறங்கியதுமே கரண்டி ஆரம்பிக்கும். தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தால் பாட்டில். அதை முடித்தால் துருவி. முன்பு எழுபது எண்பது என்றால், இப்போது நாலு மணி நேரத்துக்குள்ளேயே நூறு. பாவம், பகலெல்லாம் வாய்விட்டுக் கேட்க முடியாமல் அடக்கி வைத்திருக்கிறார் என்று அவளுக்கு நெஞ்சு வேகும். "அண்ணி, பகல்ல ரொம்பக் கஷ்டப்படறாரா?" என்று கேட்டால் நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இருக்கான், இருக்கான்" என்பாள். அதை டெய்லரம்மா தன் இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினாள்.

மூன்றாவது மாதக் கடைசியில் பெரியவர் கூப்பிட்டனுப்பினார். அந்தப் பெண்ணும் இருந்தாள்.

"இன்னும் ஒரு வருஷம் இதை வைக்கலாம்னு இருக்கோம்மா. நீங்களும் இருக்கணும். நீங்க இல்லாம இது வெறும் பாத்திரம்."

ஒரு வருடம். ஒரு வருடம் பஸ், ஒரு வருடம் தெரு, ஒரு வருடம் வெயில்கூட. சரி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் நேற்று ராத்திரி நூறு தரம் அடித்த கரண்டி ஞாபகம் வந்தது.

"முடியாதுங்க. நான் இல்லன்னா அவருக்கு ஒரு வாய்த் தண்ணிகூட இறங்காது."

சொல்லும்போது குரல் உயர்ந்திருந்தது. அதில் துக்கம் மட்டுமில்லை, கொஞ்சம் கர்வமும் இருந்ததை அவளே கவனித்தாள். அந்தப் பெண், "நாளைக்குக் காலை வரைக்கும் யோசிங்க அக்கா" என்றாள். யோசிக்க என்ன இருக்கிறது? நாற்காலியில் வந்து உட்கார்ந்தவளுக்கு அழுகை முட்டியது. ஒரு குழந்தை வந்து டம்ளரை மோதவிட்டது. எழுந்தவள் மறுபடி உட்காராமல், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டாள்.

ஐம்பத்தெட்டுப் படியும் ஏறி வாசலில் நின்றபோது உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. சாவி போட்டுத் திறந்தாள். மெஷின் பக்கத்து நாற்காலியில் நாத்தனார் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். டிவி சத்தமில்லாமல் ஓடியது. சுவரில் ஆறு சாமான்களும் அசையாமல் தொங்கின. செருப்பைக்கூடக் கழற்றாமல் படுக்கையறைக் கதவிடம் போனாள்.

மெக்கானிக் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் செய்தித்தாள். ஜன்னல் திரை விலகியிருந்தது. அதை அவர் விலக்கப் பயன்படுத்திய நாத்தனாரின் கைத்தடி கட்டிலோரம் சாய்ந்திருந்தது. கட்டில் கம்பியில் சிறுநீர் பாட்டில் கைக்கெட்டும்படி மாட்டியிருந்தது. அவர் இடது கையை நீட்டி, பக்கத்து முக்காலியில் இருந்த ஜக்கைத் தூக்கி, டம்ளரில் ஊற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தார். போர்வை நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

நிமிர்ந்தபோது அவளைப் பார்த்துவிட்டார்.

கையும் களவுமாகப் பிடிபட்ட முகம். டம்ளரைச் சட்டென்று ஜக்குக்குப் பின்னால் தள்ளினார். அப்புறம் அந்த இடது கை, கண்ணை அவள் மேலிருந்து எடுக்காமலே, மேலே போய்ப் பொத்தானைத் தடவித் தேடி இழுத்தது. முன்னறையில் கரண்டி அடித்தது.

டெய்லரம்மாவின் கால் இரண்டடி எடுத்துவைத்துவிட்டது. மூன்றாவது அடிக்கு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தத்தில் நாத்தனார் விழித்துக்கொண்டாள். விஷயம் அவளுக்கு நொடியில் புரிந்துபோயிற்று.

"எத்தனை நாளா அண்ணி?"

"நான் வந்த ரெண்டாம் நாள்லேருந்து. இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் எங்கம்மா ஓடறது? ஜக்கைக் கிட்ட வச்சேன், அவ்வளவுதான். தானே எடுத்துக்கிட்டான்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லப் போனேன். சொல்லாதேன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டான்." நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அழுதாம்மா. அவனால முடியும்னு தெரிஞ்சா நீ அந்த ரூமுக்கே வரமாட்டேன்னு நினைச்சிட்டானோ என்னவோ."

டெய்லரம்மாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. நான்கு வருடம்! முகத்துச் சோப்பு, வாயில் கவளம், பதினோரு நிமிடம், எல்லாவற்றையும் அந்த மனிதர் முகத்தில் வீச வேண்டும்போல இருந்தது. வாயைத் திறந்தவளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த முதல் வாரம் அவர் ஜக்கைத் தூக்கப் போய்க் கட்டிலெல்லாம் தண்ணீர். நடுங்குகிற கையைப் பார்க்கச் சகிக்காமல் அவள்தான் ஜக்கை எடுத்து அலமாரி உச்சியில் வைத்தாள். "நீங்க எதுக்கு எடுக்கறீங்க, நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள். அதற்கப்புறம் அதைக் கீழே இறக்கலாமா என்று ஒரு தரம்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு நடுங்கிய கை எப்போது நடுக்கம் நின்றது என்று அவள் பார்க்கவே இல்லை. கரண்டி, டம்ளர், சாவி என்று தேடித் தேடிக் கட்டியவளுக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போடத் தெரியவில்லை.

யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கோபம் உடம்பெல்லாம் ஓடியது. முன்னறைக்கு வந்து மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து போனை எடுத்து, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். கூப்பிடும்போதே கரண்டி விடாமல் அடிக்க ஆரம்பித்தது. அப்புறம் டம்ளர், பாட்டில், சாவி.

"அக்கா? இன்னும் ஹால்லயா இருக்கீங்க? சத்தம் கேக்குதே."

"வீட்டுல இருக்கேன்."

"ஐயோ, அப்ப அவர்தான் கூப்பிடறாரா? போய்ப் பாருங்க, அப்புறம் பேசலாம்."

"கேட்டுச்சு." டெய்லரம்மா ஒரு கையால் மூக்கைத் துடைத்தாள். "ஒரு வருஷமும் வர்றேன்னு பெரியவர்கிட்ட சொல்லிடுங்க. ஆனா எழுந்திரிக்க மாட்டேன்."

"அக்கா, நீங்க எழுந்திரிக்கறதுதானே அதுல..."

"பலகையை எடுத்துடச் சொல்லுங்க. கயிறு சிக்கினா எடுத்துவிடறேன். தண்ணி வேணும்னா குடம் மூலைல இருக்கு, அவங்களே குடிக்கட்டும்."

போனை வைத்தாள். சுவர் முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. துருவி கிறீச்சிட்டது, வாணலி மேல் தோசைத் திருப்பி விழுந்து விழுந்து எழுந்தது. நாத்தனார் தடியில்லாமல் எழப் பார்த்தாள். "உட்காருங்க அண்ணி" என்றாள் டெய்லரம்மா. இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கால்கள் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். கால்கள் இரண்டும் கிடுகிடுவென்று ஆடின. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

"என்னங்க," என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "இங்கதான் இருக்கேன்."

எல்லாம் நின்றது. தொங்கிய பாட்டில் மட்டும் கொஞ்ச நேரம் ஆடி ஓய்ந்தது.

பிறகு கரண்டி ஒரே ஒரு தரம், மெதுவாக.

"இருக்கேங்க."

மறுபடி ஒரு தரம்.

"இருக்கேன்னு சொல்றேன்ல."

நாத்தனார் அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். டெய்லரம்மா முழங்காலிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் எழுந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.